உல்லன் மாம்பழம்

எங்க அம்மா பின்னின வாழைப்பழத்தை ஒருதடவை குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாபநாசத்தில், படித்துறையில் வைத்து. பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சீப்பை அசல் என்று நம்பிப் பிடுங்கிப் போய், மதில்மேல் உட்கார்ந்து உரித்துப் பார்த்தது. தோல் வரவில்லை. கடித்தது. உள்ளேயிருந்து இலவம் பஞ்சு வந்தது. எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு வீசியெறிந்துவிட்டுப் போனது. அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். "கொரங்கே ஏமாந்துட்டுன்னா எங்கையி எப்பிடிப்பட்ட கையின்னு பாத்துக்கிடுங்க" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் சொன்னாள்.

எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று. கடிப்பதற்கு முந்தி அந்தக் குரங்கு, இது யார் கை பட்டது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்ட மனுசர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. நெல்லும் வாழையும்தான் வெள்ளாமை. வயலெல்லாம் ஊருக்காரர்களுடையது. வயலில் நிற்கிற காலெல்லாம் எங்கள் தெருவுடையது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் மருதத்திணை நடத்தினபோது நிலமக்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. உழவர், உழத்தியர், கடையர், கடைசியர். மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கினேன். அந்தக் கடைசியர் எங்க அம்மாதான் என்று வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மா எட்டாம் வகுப்புவரை பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே கைத்தொழில் பீரியடில் கொக்கி ஊசி அவள் கைக்கு வந்தது. கைக்குட்டைக்கு ஓரம், டீப்பாய் விரிப்பு, ரேடியோவுக்கு உறை என்று பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். படிப்பு நின்று, கல்யாணமாகி வந்தபோது தகரப் பெட்டிக்குள் அந்த விரிப்பும் உறையும் வந்தன. எங்கள் வீட்டில் டீப்பாயும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. விரிப்பு மட்டும் இருந்தது.

இந்த ஊசியும் நூலும் நம் பக்கத்துக்கு வந்த கதை பழையது. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் தன்னுடைய விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசிப் பின்னல் இல்லை. திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றின கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது ரேந்தையும் கூடவே திருநெல்வேலிச் சீமைக்குள் வந்தது. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல்லைப் படிக்காமல் எம்.ஏ. தமிழ் முடிக்க முடியாது. எலைசாவின் பெயரை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. அவரிடம் பின்னக் கற்ற பெண்களின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரேந்தை விற்ற காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் தங்களுக்கு விடுதலை வாங்கினார்கள் என்று மிஷன் எழுத்துகள் சொல்கின்றன. கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமை முறைக்கு எதிரான சட்டம் வந்தது 1843இல். திருவிதாங்கூரில் 1855இல். அந்தச் சட்டங்களுக்கெல்லாம் முந்தி, நூலால் தன் விலையைத் தானே கட்டியிருக்கிறாள் ஒருத்தி. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்சீலை போட்டதற்காக ஒடுக்கப்பட்ட பெண்கள் தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த நாட்டில், அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் ராஜா நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆணை போட்டார். ஒரே நூலில் விடுதலையும் இருந்தது, இந்த அநியாயமும் இருந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

சரி, பழத்துக்கு வருகிறேன்.

விரிப்பு பின்னிக்கொண்டிருந்த அம்மா பழத்துக்கு மாறினது சொந்த யோசனை. டவுனில் உல்லன் நூல் வாங்கிவருவாள். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துக் கீழே விழும். அந்தப் பஞ்சை விதை நீக்கி மூட்டை கட்டி வைத்துக்கொள்வாள். உருண்டையான பழத்துக்குக் கணக்கு எளிது. வளையத்துக்குள் ஆறு கண்ணி போட்டு ஆரம்பிக்க வேண்டும். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு, இருபத்துநாலு என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும். வயிறு வந்ததும் கூட்டாமல் சில சுற்று. பிறகு அதே ஆறு ஆறாகக் குறைத்துக்கொண்டே போய், வாய் மூடுமுன் பஞ்சை அடைக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் ஆரஞ்சு வந்துவிடும்.

மாம்பழம் அப்படி வராது. கூட்டுகிற கண்ணியை ஒரு பக்கத்திலேயே கூட்டினால்தான் அதற்குத் தொந்தி விழும், மூக்கு வரும். சீத்தாப்பழத்துக்கு ஒரே கண்ணிக்குள் ஐந்து பின்னலைப் போட்டு ஒன்றாக இழுத்து முடிந்தால் ஒரு புடைப்பு. அப்படி வரிசை வரிசையாக, கண்ணு நோக நோக. மாதுளைக்குத் தலையில் கிரீடம். நூலின் பிரியைப் பிரித்து, மஞ்சள் இரண்டு பிரியோடு பச்சை ஒரு பிரி சேர்த்து முறுக்கி, பழுத்தும் பழுக்காத இடத்தைக் கொண்டுவருவாள். இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களுக்குக் கொக்கிப் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள் என்றும், அந்தப் பின்னலில் ரோஜாவும் திராட்சைக் குலையும் புடைத்துக்கொண்டு நிற்கும் என்றும் நான் பிற்பாடு படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் பட்டினி கெடந்த பொம்பளைகதான் பின்னுனாளுகளா?" என்று மட்டும் கேட்டாள்.

வாழைப்பழம்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். உள்வளைவில் கண்ணி குறைச்சல், வெளிவளைவில் அதிகம். பட்டை பட்டையாகப் பின்னி ஒட்டுப்போட்டால் பழம் தானாக வளையும். முனையில் பூ உதிர்ந்த கறுப்பு. தோலில் அங்கங்கே வடு. "இந்த வடுவெல்லாம் எதுக்கும்மா, சுத்தமா மஞ்சளா இருந்தா அழகா இருக்குமே" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "வடு இல்லாத பழம் எங்கட்டி இருக்கு? சொமந்தவளுக்குத் தெரியும்" என்றாள். ஏத்தன் தாரைத் தலையில் வைத்து வரப்பில் நடந்தவள் அவள். வாழைக்கறை பட்ட சேலை எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. 2024இல் மாரி செல்வராஜின் 'வாழை' படம் வந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். தார் சுமக்கிற இடம் வந்ததும் அம்மாவின் கை தானாகப் பிடரிக்குப் போனது. இடைவேளையில், "போலாம் தாயி" என்றாள். மிச்சப் படத்தை அவள் பார்க்கவில்லை.

1998இல் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அம்மா வேலைக்குப் போன ஒரு பெரிய வீட்டில் இளைய மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கூடத்து ஷோகேசில் இருந்த பிளாஸ்டிக் பழங்கள் வெயில் பட்டு வெளிறிப் போயிருந்தன. அம்மா பழம் பின்னுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டம்மா புறவாசலுக்கு வந்து, பன்னிரண்டு பழம் வேண்டும் என்று சொன்னாள். மாம்பழம் ரெண்டு, ஆப்பிள் ரெண்டு, ஆரஞ்சு ரெண்டு, வாழைப்பழம் மூணு, மாதுளை, சீத்தா, கொய்யா ஒவ்வொண்ணு. பழத்துக்குப் பத்து ரூபாய். நூல் வாங்க எண்பது ரூபாய் முன்னால் கொடுத்தாள். கையில் இல்லை, திண்ணையில் வைத்தாள். அம்மா எடுத்துக்கொண்டாள். அப்போது நடவுக்கு நாள் கூலி முப்பது ரூபாய். நூற்றியிருபது ரூபாய் எங்களுக்குப் பெரிய பணம்.

ஆப்பிள்தான் இடைஞ்சலாக இருந்தது. அம்மா ஆப்பிள் தின்றதில்லை. கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை. என்னுடைய இங்கிலீஷ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ஏ'க்குப் போட்டிருந்த ஆப்பிள் படத்தைப் பார்த்துத்தான் பின்னினாள். சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, புத்தகத்தை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "கீழ குழி இருக்குமாட்டி? படத்துல மேல மட்டுந்தான தெரியுது" என்றாள். எனக்கும் தெரியாது. குழி வைத்தாள். பல வருசம் கழித்து என் முதல் சம்பளத்தில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்த்தாள். "குழி இருக்கு" என்றாள். அப்புறம்தான் தின்றாள்.

பன்னிரண்டு பழத்தையும் ஒரு நார்ப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். "அங்கனயே வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்றாள் வீட்டம்மா. பெட்டி உள்ளே போனது. நாங்கள் தொழுவத்துப் பக்கம் நின்றோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கூடத்து மேசையில், கண்ணாடித் தட்டில் எங்க அம்மாவின் பழங்கள் இருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் அசல் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்களாம். அந்த வீட்டுப் பெண்ணே பின்னினது என்று சொல்லியிருக்கிறார்கள். இது எங்களுக்குப் பிற்பாடு தெரியவந்தது.

ரெண்டு நாள் கழித்து பாக்கி நாற்பது ரூபாய் வாங்கப் போனோம். பணம் வருகிறவரை அம்மா தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே திடீரென்று ஒரு கூச்சல். மூத்த மகளின் ரெண்டு வயசுப் பிள்ளை மாம்பழத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டது. "ஏய், வாயில வைக்காத! அது அவ பின்னுனது! வாயக் கழுவுங்க, வாயக் கழுவுங்க!" என்று வீட்டம்மா கத்தினது புறவாசல் வரை கேட்டது. செம்பு, தண்ணீர், பிள்ளையின் அழுகை. அப்புறம் ஜன்னல் வழியாக மாம்பழம் வந்து உரக்கிடங்கில் விழுந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள். உரக்கிடங்கில் இறங்கி மாம்பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டினதும் நான் கேட்டேன்.

"எம்மா, நம்ம பழத்துல வெசமா இருக்கு?"

"வெசம் பழத்துல இல்லட்டி."

அதற்கப்புறம் அம்மா அந்த வீட்டுக்கு வேலைக்குப் போகவில்லை. மிச்சம் பதினொரு பழமும் அங்கே ஷோகேசில்தான் ரொம்ப நாள் இருந்தன. அவற்றை யாரும் தூக்கி எறியவில்லை.

இந்தப் பதினொன்றைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தீட்டு என்பது ஏதோ பழைய காலத்து அறியாமை, படித்தால் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அறியாமைக்கு இவ்வளவு நுட்பமான கணக்கு வராது. நாங்கள் தலையில் சுமந்த வாழைத்தார் அடுக்களைக்குள் போகும், சுமந்தவள் போகக்கூடாது. நாங்கள் அறுத்த நெல்லு பத்தாயத்துக்குள் போகும், அதே நெல்லை நாங்கள் பொங்கினால் அது சோறு இல்லை, தீட்டு. நாங்கள் தொட்ட பணத்துக்குத் தீட்டு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. எது அவர்களுக்கு வேண்டுமோ அதில் தீட்டு நிற்காது. எங்களைச் சமமாக உட்கார வைக்கிற இடம் எதுவோ, தண்ணீர், சோறு, கோயில், கல்யாணம், அங்கே வந்து நிற்கும். உல்லன் மாம்பழம் கண்ணுக்கு விருந்தாக இருந்தவரை கலைப்பொருள். ஒரு குழந்தை வாயில் வைத்ததும் அது எங்க தெரு. அம்பேத்கர் 1927இல் மகாடு குளத்துக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்ததும், சாதி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் கை வைக்கத்தான்.

இப்போது என் தப்பையும் சொல்ல வேண்டும். எம்.ஏ. முடித்து இயக்கத்துக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. மரியா மீஸ் என்ற பெண்ணியவாதி ஆந்திராவின் நர்சாபூர் ரேந்தைப் பெண்களைப் பற்றி 1982இல் எழுதின புத்தகத்தைப் பற்றி ஒரு வகுப்பில் கேட்டேன். அங்கேயும் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த கொக்கிப் பின்னல்தான். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற சரக்கு. பின்னுகிறவளோ 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்' என்று கணக்கு. சும்மா இருக்கிறவளுக்குக் கூலி எதற்கு? வியாபாரி கையில் லாபம், இவள் கண்ணில் வலி. அதைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

"ஒரு மாம்பழத்துக்கு எத்தன மணி நேரம் ஆகும்மா?"

"அஞ்சு ஆகும்."

"நூலுக்கு எவ்ளோ? வித்தா எவ்ளோ?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். நடவுக் கூலியைவிடக் குறைச்சல். "இது சுரண்டல்மா. வெள்ளைக்காரன் அடக்க ஒடுக்கமா உக்கார வைக்கிறதுக்குச் சொல்லிக்கொடுத்த வேல. இத விட்டுரு" என்றேன்.

அம்மா ஊசியை நிறுத்தவில்லை. "கணக்கு சரிதான்" என்றாள். "நாத்து நடணும்னா குனியணும். களை பறிக்கணும்னா குனியணும். தொழுவம் கூட்டணும்னா குனியணும். இது ஒண்ணுதாம்ட்டி நான் நிமுந்து உக்காந்து செய்யித வேல. அதுக்கு ஒன் நோட்டுல எவ்ளோ போடுவ?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. சுரண்டல் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஸ்வெட்டர் பின்ன எந்திரம் வந்துவிட்டது. கொக்கிப் பின்னலுக்கு இன்றைக்கும் கைதான். ஆகவே கடையில் கொக்கிப் பின்னல் சாமான் மலிவாகக் கிடைத்தால், எங்கேயோ ஒரு பொம்பளையின் கை மலிவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அம்மா சொன்னதும் பொய்யில்லை. வரப்பு அவளுடையதில்லை, வாய்க்கால் அவளுடையதில்லை. ஊசி அவளுடையது. எப்போது எடுக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்று அவள்தான் தீர்மானிக்கிறாள். இந்த இரண்டு உண்மையையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் நாம் நம் அம்மாக்களுக்கு அரசியல் வகுப்பு எடுக்கிறோம்.

தோழர்களிடமும் ஒரு சண்டை உண்டு. 1999 ஜூலை 23ஆம் தேதி, கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களை, கொக்கிரகுளத்தில் வைத்துப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அந்த ஆறு கொக்கிரகுளம் போகிறது. வருசா வருசம் அந்த நாளில் பூப்போடப் போவோம். ஒரு தடவை திரும்பி வருகிறபோது, எங்கள் கலைவிழாவில் அம்மாவின் பழங்களுக்கு ஒரு மேசை போடலாமா என்று கேட்டேன். "பறை நம்ம கலை தோழர். இது வீட்டலங்காரம். இதுல என்ன அரசியல் இருக்கு?" என்றார் ஒருவர். நல்ல மனுசர், ஜெயிலுக்குப் போனவர்.

நான் உரக்கிடங்கில் விழுந்த மாம்பழத்தின் கதையைச் சொன்னேன். வண்டி சேரன்மகாதேவி வருகிறவரை அவர் பேசவில்லை. இறங்கும்போது, "மேசை எத்தன வேணும்?" என்று கேட்டார். ஆண்கள் கையில் இருப்பது கலை, பெண்கள் கையில் இருப்பது பொழுதுபோக்கு என்ற எண்ணம் நமக்குள்ளும் இருக்கிறது. அதை ஊருக்காரன் வந்து திணிக்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு முதுகு முடியாது, வயலுக்குப் போவதில்லை. தெருவில் மூன்று பிள்ளைகள் சாயந்திரம் வந்து கற்றுக்கொள்கிறார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் பின்னுவதை அம்மா நிறுத்திவிட்டாள். நாங்கள் தின்று வளர்ந்த பழங்கள்தான் இப்போது. பனம்பழம், இலந்தை, கொடுக்காப்புளி, ஈச்சம்பழம். நுங்கு பின்னுகிறாள் பாருங்கள், மூணு கண்ணும் வெள்ளையாகத் தெரிய, சீவின பக்கம் செங்காவி ஓடிக்கொண்டு, அதைப் பார்த்தால் தாகம் எடுக்கும். போன வருசம் எங்க தெருச் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அந்த நுங்குக் குலையை வைத்தார்கள். நூறில் ஆரம்பித்து ஐநூற்றில் போனது. எடுத்தவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிற ஒரு அண்ணன். அவர் பிள்ளை சபைக்குள்ளேயே நுங்கை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள். யாரும் வாய் கழுவிவிடவில்லை.

அந்த மாம்பழம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, தகரப் பெட்டிக்குள். மூக்குப் பக்கம் ஒரு நூல் இழுபட்டு நிற்கிறது, பிள்ளையின் பல் பட்ட இடம். ஊசியை விட்டு உள்ளே இழுத்தால் ஒரு நிமிசத்தில் சரியாகிவிடும். அம்மா சரி பண்ணவில்லை. கலைவிழா மேசையில் வைக்கக் கேட்டேன். "வையி. வெல போடாத" என்றாள்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது ஊர்ப்பேரைப் போடாதே, அந்த வீட்டுப் பேரைப் போடாதே என்று சொல்வாள் என்று நினைத்தேன். அந்த வீட்டம்மா இப்போது இல்லை. ஷோகேசும் இல்லை. அம்மா கொஞ்சநேரம் கண்ணி எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, எண்ணிக்கை தப்பாமல் ஊசியை நிறுத்திச் சொன்னாள்:

"பாக்கி நாப்பது ரூவா. அதையும் எழுது."